உடைந்த இடமும் பிழையிருந்த இடமும்

காற்றாலை என்றால் காற்று போதுமா என்ற கேள்விதான் நமக்கு முதலில் எழுகிறது. தன் கையால் ஒன்றைச் செய்து வீட்டுக் கொல்லையில் நிறுத்தியவனுக்கு இந்தக் கேள்வி பெரிதில்லை. காற்று போதாத நாளில் இயந்திரம் சும்மா நிற்கும். அதனால் அதற்கு ஒரு கேடும் இல்லை. கேடு வருவது காற்று மிகும் நாளில். காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகிறது. இறக்கைகளைப் பின்னுக்குத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. மாலையில் ஒரு விளக்கை ஏற்றத் திணறிய அதே இயந்திரம் நள்ளிரவில் தன்னையே பிய்த்தெறியும் வலுவைப் பெற்றுவிடுகிறது. ஆகவே சிறு காற்றாலையைச் செய்வது காற்றைப் பிடிக்கிற காரியம் என்பது பாதி உண்மை. பிடித்ததை எப்போது விடுவது என்பது மறுபாதி. வீட்டில் செய்த இயந்திரங்கள் பெரும்பாலும் இந்த மறுபாதியில்தான் தோற்கின்றன.

இதைக் கொஞ்சம் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். 2.4 மீட்டர் விட்டமுள்ள, மூன்று இறக்கை கொண்ட ஒரு சிறு காற்றாலை நிமிஷத்துக்கு 500 சுற்றுச் சுற்றினால் இறக்கையின் நுனி மணிக்கு 225 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு கிலோ எடையுள்ள இறக்கையின் எடைமையம் அச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிலோ மரம் அப்போது சுமார் 140 கிலோ கனத்தின் இழுப்போடு வெளியே ஓடப் பார்க்கிறது. சுற்று 1000 ஆனால் இழுப்பு 560 கிலோ. அது அவ்வளவு வேகம் போகாமல் பிடித்துவைத்திருப்பது பேட்டரி. மின்சாரம் எங்கேயாவது போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும் வரைக்கும் இயந்திரத்துக்குச் சுமை இருக்கிறது; சுமை இருக்கும் வரைக்கும் கடிவாளம் இருக்கிறது. ஒரு முனையில் கம்பி கழன்றால், ஒரு ஃபியூஸ் போனால், கடிவாளம் அறுந்தது. இறக்கைகள் எந்தப் பொறுப்பும் இல்லாமல் சுற்ற ஆரம்பிக்கின்றன. இரண்டு ரூபாய்ச் சாமான் கெட்டதற்கு இரண்டு மாத உழைப்பு விலையாகப் போவது இந்தத் துறையில் சாதாரணம்.

இதற்காக ஒரு பழைய உபாயம் உண்டு. 1854ல் அமெரிக்காவில் டேனியல் ஹாலடே செய்த, நீர் இறைக்கும் காற்றாலையிலேயே, காற்று மிகும்போது தானாகவே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. இன்று வீட்டில் செய்பவர்கள் கையாளும் முறை இது: இறக்கைகளின் அச்சை, தலை திரும்பும் செங்குத்து அச்சிலிருந்து சற்று ஒதுக்கி வைப்பது. காற்று தள்ளும்போது தலை ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். பின்னாலுள்ள வால் அதைத் திரும்பவிடாமல் காற்றுக்கு நேராகவே நிறுத்தும். ஆனால் அந்த வால் சாய்வாக வைத்த ஒரு கீலில் மாட்டியிருக்கிறது. காற்று ஓர் அளவை மீறினால் தள்ளும் விசை வாலின் எடையை வென்றுவிடும். வால் கீலில் மேலேற, தலை பக்கவாட்டில் திரும்பிக் காற்றுக்கு விலாவைக் காட்டும். காற்று அடங்கியதும் வால் தன் எடையாலேயே கீழிறங்கித் தலையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். ஸ்பிரிங் இல்லை, மோட்டார் இல்லை. வால் இத்தனை கிலோ என்பதுதான் அங்கே சட்டம்.

வாலின் எடையில் எனக்கு என்ன அக்கறை என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் கேட்கலாம். பணகுடிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் மூன்று வருஷம் இருந்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று, வைகாசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரை ஓயாமல் அடிக்கும் ஊர். ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பது மற்ற ஊர்களில் பழமொழி. அங்கே அது வானிலை அறிக்கை. மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்த ஒருவர் கவுண்டருக்கு வந்து போகும் பழக்கத்தில் நண்பரானார். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை சார் என்பதை நிறுத்தவேயில்லை. 2012ல் தமிழ்நாட்டில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, அவற்றின் கீழே மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருப்பது அவருக்கு அவமானமாகப் பட்டிருக்கிறது. மின்வெட்டு குறைந்த பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. 2014ல் தோட்டத்தில் ஒன்றை எழுப்பிவிட்டார். இணையத்தில் கிடைத்த ஒரு படம், பார்சல் பெட்டியின் பைன் பலகையில் செதுக்கிய மூன்று இறக்கை, காரின் சக்கர ஹப் ஒன்று, சென்னையிலிருந்து வரவழைத்த காந்தங்கள், தன் கையால் சுற்றிய காயில்கள்.

நான் சொல்ல வந்தது அந்த இயந்திரம் கெட்ட வரிசையைப் பற்றி.

முதல் ஆடியில் வால் விழுந்தது. கீலோடு வெல்டிங் செய்த இடத்தில் விட்டுப்போய் முருங்கை மரத்தின் மேல் கிடந்தது. அவர் பிரேக் சுவிட்சைப் போட்டு இறக்கைகளை நிறுத்திவிட்டார். மூன்று கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவதுதான் அந்த பிரேக். காற்று அளவாக இருக்கும்போதே போட்டால் நிற்கும். வெறிபிடித்துச் சுற்றும்போது போட்டால் சில சமயம் நிற்காது, காயில்தான் வேகும். அவர் நேரத்தில் போட்டார். வெல்டிங் விட்டது என்றால் இரும்பு மெலிசு என்று அர்த்தம். ஆகவே அடுத்த வால் கனத்த பைப்பில், கனத்த தகட்டில். பழைய வால் ஆறு கிலோ. புதியது ஒன்பது.

இரண்டாம் ஆடியில் வால் அசையவில்லை. காயில் எரிந்தது. வைண்டிங்காரருக்கு இதைவிட மானக்கேடு இல்லை. ஊர் மோட்டாரெல்லாம் சுற்றிக்கொடுக்கிறவரின் சொந்தக் காயில் கருகிப்போனது. கம்பி மெலிசு என்று முடிவு செய்தார். கனமான கேஜில் சுற்றினார். அதே இடத்துக்குள் கனத்த கம்பி அடங்கவேண்டுமானால் சுற்றுகளைக் குறைக்கவேண்டும். கால் பங்கு குறைத்தார்.

அந்தக் கார்த்திகையிலிருந்து பேட்டரி சரியாக ஏறவில்லை. சுற்றுக் குறைந்தால் அதே மின்னழுத்தத்தை எட்ட இறக்கைகள் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடவேண்டும். மெல்லிய காற்றில் அந்த வேகம் வராது. பலத்த காற்றில் வந்தது. இயந்திரம் முன்பு இல்லாத ஒரு சத்தம் போட ஆரம்பித்தது என்றார். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் இறக்கையின் வெளியிழுப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு. மழையில் ஒரு இறக்கையின் முன்விளிம்பு அரித்துத் தண்ணீர் குடித்திருந்தது. சமன் கெட்டு, அதிர்ந்து, நட்டுகள் தளர்ந்தன. மூன்றாம் ஆடியில் ஒரு இறக்கை பறந்தது. இரண்டு வயல் தள்ளி விழுந்தது. மாலை நேரம்; அங்கே யாரும் இல்லை. மீதி இரண்டு இறக்கையின் உதறலில் கம்பம் ஒரு ஸ்டே கம்பியை அறுத்துக்கொண்டு சாய்ந்தது.

இதற்குப் பிறகுதான் அவர் சில தாள்களை எடுத்துக்கொண்டு வங்கிக்கு வந்தார். ஹ்யூ பிகாட் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் ஆங்கிலக் கையேட்டுப் பக்கங்கள். “நீங்க இங்கிலீஷ்லயே பி.ஏ. படிச்சவுக. இதுல என்ன போட்டிருக்குன்னு தமிழ்ல எழுதித் தரணும் சார்” என்றார். என் பட்டத்துக்கு அதுவரை இப்படி ஒரு உபயோகம் யாரும் சொன்னதில்லை.

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் ஸ்கோரெய்க் என்று ஒரு தீபகற்பம். சாலை கிடையாது. படகில் போகவேண்டும், அல்லது மலையோரமாக ஐந்து மைல் நடக்கவேண்டும். மின்சாரக் கம்பிகள் அங்கே போகவில்லை. 1970களில் அங்கே குடியேறிய பிகாட், பழைய இரும்புக் கடைச் சாமான்களிலிருந்து தனக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் காற்றாலைகள் செய்ய ஆரம்பித்தவர். முதலில் லாரி டைனமோக்கள். பிறகு வேன்களின் பிரேக் டிரம்மில் காந்தம் பதித்தவை. பிறகு ரெசினில் வார்த்த காயில்களுக்கு இருபுறமும் நியோடிமியம் காந்தத் தட்டுகள். அண்ணாச்சி செய்ததும் இந்தக் கடைசி வகையின் ஒரு நகல்தான். ‘ஸ்க்ராப்யார்ட் விண்ட்பவர்’, ‘விண்ட்பவர் வொர்க்‌ஷாப்’ என்று அவருடைய நூல்கள். உலகத்தின் பல மூலைகளில் இவற்றை வைத்துக்கொண்டு இயந்திரம் செய்திருக்கிறார்கள்.

இந்தப் பக்கங்களைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது அதன் உரைநடை என்னைப் பிடித்துக்கொண்டது. அதில் அலங்காரம் எதுவும் கிடையாது. எது எப்படி உடையும் என்று சொல்லிக்கொண்டே போகிறது. காந்தத்தின் மேற்பூச்சில் கீறல் விழுந்தால் உள்ளே துரு ஏறி உப்பும். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் சுற்றும் தட்டு காயிலை உரசும். சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரி செல்ஷியஸைத் தாண்டினால் பலம் இழக்கும். டயோடு சூடேறி வெடிக்கலாம். தலை எந்தத் திசையிலும் திரும்புவதால் கம்பத்துக்குள் தொங்கும் கேபிள் முறுக்கிக்கொள்ளும். அவ்வப்போது போய்ப் பிரித்துவிடு, அதற்கென்று ஒரு நுட்பமான சாதனம் தேடாதே, அந்தச் சாதனம் கேபிளைவிட முதலில் கெடும். வேகமாய்ச் சுற்றும் இறக்கைகளைச் சட்டென்று திசை திருப்பினால் அவை பம்பரம்போல எதிர்த்துக்கொள்ளும். அந்த எதிர்ப்பு இறக்கையின் அடிப்பகுதியில் போய்ச் சேரும். கம்பத்தை ஏற்றி இறக்கும் நேரம்தான் ஆளுக்கு ஆபத்தான நேரம். தான் செய்த இயந்திரத்தின் கீழேயே குடியிருக்கிறவன் எழுதும் எழுத்து இப்படித்தான் இருக்க முடியும். தவறாக ஒன்றைச் சொன்னால் அவன் தலையிலேயே விழும்.

மொழிபெயர்ப்பில் இடறிய இடம் ஒன்றுதான். காற்று மிகும்போது தலை திரும்பிக்கொள்ளும் அந்தச் செயலுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபர்ல்’ என்று சொல். கப்பலில் பாயைச் சுருட்டுவதற்கான சொல். நான் ‘சுருளுதல்’ என்று எழுதினேன். இங்கே எதுவும் சுருளவில்லை. ‘விலகல்’, ‘தற்காப்புத் திருப்பம்’ என்று இரண்டு மூன்று செய்துபார்த்தேன். அண்ணாச்சி கேட்டுவிட்டு, “காத்து மீறிச்சுன்னா தலை ஒதுங்கிக்கிடணும். அதானே?” என்றார். ஒதுங்குதல் என்று எழுதிக்கொண்டேன். மழைக்கு ஒதுங்குவது, பெரியவர்கள் வரும்போது ஒதுங்குவது, வம்புக்கு ஒதுங்குவது எல்லாம் அதில் இருக்கிறது. ஒதுங்கியவன் மழை விட்டதும் திரும்ப நடக்கிறான் என்பதும் இருக்கிறது. கலைச்சொல் அகராதிக்காரர்கள் இதை ஏற்பார்களா தெரியாது. தலை ஒதுங்குவதைத் தினம் பார்க்கிறவர் வாயில் வந்த சொல்.

வால் மிகக் கனமாக இருந்தால் தலை காலம் கடந்து ஒதுங்கும், அதற்குள் காயில் எரியும் என்ற பத்தியை நான் வாசித்தபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கடையிலிருந்து வைண்டிங் நோட்டை எடுத்துவந்தார். வைண்டிங்காரர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். வந்த மோட்டார், கம்பியின் கேஜ், எத்தனை சுற்று, காயிலின் பிட்ச், தேதி. காற்றாலையையும் அவர் அதே நோட்டில், அதே முறையில் எழுதிவைத்திருந்தார். வால் 6, வால் 9. சுற்று இவ்வளவு, சுற்று அவ்வளவு. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். இறக்கை பறந்தது சுற்றுக் குறைந்ததால். சுற்றுக் குறைந்தது காயில் எரிந்ததால். காயில் எரிந்தது வால் கனத்ததால். வால் கனத்தது வெல்டிங் விட்டதால். வெல்டிங் ஏன் விட்டது? காற்று அடங்கும்போது மேலே ஏறிய வால் திரும்ப வந்து தன் தடுப்புக் கட்டையில் மோதுகிறது. ஆடியில் ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறையோ. அந்தக் கட்டையில் ஒரு ரப்பர் துண்டு வைத்திருக்கவேண்டும். பழைய டயரில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு.

மூன்று வருஷமாக அவர் சரிசெய்தது எல்லாம் உடைந்த இடத்தை. பிழை இருந்த இடம் வேறு. இன்னொன்றும் கவனித்தேன். ஒவ்வொரு முறை அவர் செய்த ரிப்பேரும் தன்னளவில் நியாயமானதுதான். உடைந்த பாகத்தை முன்னைவிடப் பலமாக்குவது என்பதில் யார் குற்றம் காணமுடியும்? ஆனால் ஒரு பாகத்தைப் பலப்படுத்தியபோது, அந்தப் பாகம் இதுவரை தாங்கிக்கொண்டிருந்த அடி அடுத்த பாகத்துக்குப் போயிற்று. இயந்திரம் தன் பலவீனத்தை இடம் மாற்றிக்கொண்டே வந்தது. கடைசியில் அது போய்ச் சேர்ந்த இடம் இறக்கை, அதற்கப்பால் வயல்.

இது அவர் ஒருவர் விஷயம் அல்ல. தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டைச் சேர்ந்த வில்லியம் கம்க்வாம்பா, பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட முடியாமல் நின்றுபோன பதினாலு வயதில், நூலகத்துப் பாடப்புத்தகம் ஒன்றைப் பார்த்து, 2002ல் டிராக்டர் விசிறி, சைக்கிள் சட்டம், சூடாக்கித் தட்டையாக்கிய பிவிசி குழாய் இவற்றைக் கொண்டு காற்றாலை செய்தார். 2009ல் வந்த அவருடைய புத்தகமும் 2019ல் வந்த படமும் புகழ்பெற்றவை. படத்தில் இறக்கை சுற்றுவது உச்சக்காட்சி. புத்தகத்தில் அது நடுவில் வருகிறது. அதற்குப் பிறகுதான் சைக்கிள் சங்கிலி நழுவுவதும், அவர் கோபுரத்தில் ஏறி இறங்குவதும், கூரையில் ஓடும் கம்பிகள் உரசித் தீப்பற்றக்கூடும் என்று உணர்வதும், ஆணியும் காந்தமும் கம்பிச்சுருளும் வைத்துத் தானே ஒரு மின்தடுப்பைச் செய்துகொள்வதும். எனக்கு அந்தப் பையனின் மேதைமை இறக்கை சுற்றிய இடத்தில் தெரியவில்லை. கூரையைப் பார்த்துப் பயந்த இடத்தில்தான் தெரிந்தது. பாராட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

தனி ஒருவனிடம் நோட்டு இருந்தால் தன் இயந்திரத்தின் பிழையை அவன் கண்டுபிடிக்கலாம். பல இயந்திரங்களுக்குப் பொதுவான பிழை ஒரு நோட்டில் தெரியாது. இதற்கு என்ன செய்வது என்பதை டென்மார்க்கில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

1973ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அங்கே தச்சர்களும் கொல்லர்களும் விவசாயிகளும் தாங்களே காற்றாலை செய்யத் தொடங்கினார்கள். கிறிஸ்டியன் ரீசாகர் ஒரு தச்சர். ட்விண்ட் என்ற இடத்தில் ஆசிரியர்களும் மாணவர்களுமாகச் சேர்ந்து எழுப்பிய பெரிய காற்றாலை 1978ல் ஓடத் தொடங்கியது. 1993ல் அதன் இறக்கைகளை மாற்றும்வரை முதலில் செய்த இறக்கைகளே சுற்றின. இவர்களுக்கு முன்னோடியாக யோஹன்னஸ் யூல் 1957ல் கெட்ஸரில் நிறுத்திய 200 கிலோவாட் இயந்திரம் இருந்தது. காற்று மீறினால் இறக்கையின் நுனி தானே திரும்பி முட்டுக்கட்டையாகிவிடும் ஏற்பாட்டை யூல் அதில் வைத்திருந்தார். 1967 வரை அது ஓடியது. பின்னால் வந்தவர்களில் சிலர் இறக்கையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு நுனித் திருப்பத்தை விட்டுவிட்டார்கள். வேகம் மீறி ஓடிய இயந்திரங்கள் அந்தப் பாடத்தைத் திரும்பச் சொல்லிக்கொடுத்தன.

காற்றாலை வைத்திருந்தவர்கள் 1978ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களுக்கு ஒரு பத்திரிகை இருந்தது. ‘இயற்கை ஆற்றல்’ என்று பொருள்படும் பெயர். சின்னப் பத்திரிகைதான். மாதாமாதம் அது என்ன போட்டது? எந்த இயந்திரம் எவ்வளவு மின்சாரம் தந்தது, எது நின்றது, எந்தப் பாகம் போயிற்று. தயாரிப்பாளன் மனம் கோணுமே என்று பார்க்கவில்லை. சொந்தக்காரனுக்கு வெட்கமாயிருக்குமே என்றும் பார்க்கவில்லை. ஒருவன் தன் இயந்திரத்தில் மட்டும் கண்டதைத் துரதிருஷ்டம் என்று நினைப்பான். அதே பாகம் பத்துப் பேரிடம் போயிருக்கிறது என்று அச்சில் பார்க்கும்போது அது துரதிருஷ்டம் ஆகாது. ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக் இல்லாத இயந்திரத்துக்கு அனுமதி இல்லை என்ற விதி ரிஸோ ஆய்வு நிலையத்தின் வழியாக வந்தது இப்படிப்பட்ட அனுபவங்களின் மேல்தான்.

இதே காலத்தில் பக்கத்து ஜெர்மனியில் பெரும் நிறுவனங்களும் அரசும் சேர்ந்து க்ரோவியான் என்று ஒன்றைக் கட்டின. நூறு மீட்டர் விட்டம், மூன்று மெகாவாட். சின்னதாக ஆரம்பித்து உடைந்து கற்றுக்கொள்வது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கணக்கிலிருந்து நேரே இயந்திரத்துக்கு வந்தார்கள். 1983லிருந்து 1987 வரை அது மொத்தம் ஓடியது சுமார் 420 மணி நேரம். பிறகு கழற்றிவிட்டார்கள். தச்சர்களின் இயந்திரம் வளர்ந்து உலகமெங்கும் போயிற்று. 1990களில் முப்பந்தலில் வரிசை வரிசையாக எழுந்தவற்றில் பல அந்த டேனிஷ் வம்சம்தான். அண்ணாச்சி மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தவையும் அவைதாம். அவற்றின் முன்னோர்களும் கொல்லையில் உடைந்தவைதாம் என்று நான் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். நாமும் சின்னப் பத்திரிகைக்காரர்கள். நம்முடைய சரக்கும் வீட்டில் செய்ததுதான். நம் விமர்சனம் உடைந்த இடத்தைச் சுட்டுவதோடு நின்றுவிடுகிறது என்று எனக்கு வெகுநாளாக ஒரு குறை. புதுக்கவிதையின் கதையையே பாருங்கள். கவிதையில் உபதேசம் நெடுகிறது என்றார்கள். சரி என்று கூற்றுகளை வெட்டினோம். வெட்டிய இடத்தின் பாரமெல்லாம் படிமத்தின் மேல் ஏறியது. கொஞ்ச நாளில் படிமச் சுமை தாங்கவில்லை என்றார்கள், படிமங்களைக் களைந்தோம். மிஞ்சியது வரிவரியாக மடித்த வசனம். வசனமாக இருக்கிறதே என்றார்கள். கடைசி வரியில் ஒரு வெட்டு வைக்கக் கற்றுக்கொண்டோம். இன்று கடைசி வரிதான் பறந்துபோய் வயலில் விழுகிறது. ஒவ்வொரு திருத்தமும் நியாயமானது. ஒவ்வொன்றும் வால் ஒன்பது கிலோ. முதலில் கூற்று ஏன் நெடுகியது, எந்த மோதலைத் தாங்க எந்த ரப்பர் துண்டு அங்கே இல்லாமல்போயிற்று என்று பின்னோக்கிப் புரட்டிப் பார்க்க நம்மிடம் நோட்டு இல்லை.

1959ல் ‘எழுத்து’ தொடங்கிய சி. சு. செல்லப்பா, அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போகும் ரசனைக்கு எதிராக, அலசல் விமர்சனத்தை வற்புறுத்தினார். படைப்பின் எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று கழற்றிப் பார்ப்பது. அது இல்லாமல் எதுவும் ஆகாது. ஆனால் அலசல் ஒரு சமயத்தில் ஒரு இயந்திரத்தைத்தான் கழற்றுகிறது. அதற்கு மேல் ஒரு காரியம் இருக்கிறது. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் 13 கவிதைகளைப் பெயர் நீக்கிக் கொடுத்து, படித்தவர்கள் எழுதித் தந்ததையெல்லாம் சேர்த்து, வாசிப்பு எங்கெங்கே தடுக்குகிறது என்று பத்துத் தலைப்பில் பிரித்தார். 1929ல் வந்த ‘பிராக்டிகல் கிரிட்டிஸிஸம்’ அதுதான். அந்தப் புத்தகத்தைக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அது ஒரு பழுதுப் பட்டியல் என்று யாரும் சொல்லவில்லை. பட்டியலிலுள்ள தவறுகள் தனித்தனி ஆட்களின் முட்டாள்தனமாகத் தோன்றாமல், பொதுவான ஒரு கோளாறின் அடையாளங்களாகத் தெரிவதற்குக் காரணம், அவை பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருப்பதுதான்.

நம் பத்திரிகைகளில் தோல்விக்கு இடம் இல்லை என்று சொல்லமாட்டேன். நிறைய இருக்கிறது. ஆனால் அது எப்போதும் அடுத்தவன் தோல்வி. இன்னார் தீர்ந்துபோய்விட்டார் என்று தீர்ப்பு வருகிறது. எந்த இடத்தில், எதை மாற்றியதால், அதற்கு முன் எது உடைந்ததால் என்று வருவதில்லை. எழுதியவனும் சொல்வதில்லை. பிரசுரமான கவிதையின் முந்தைய வடிவங்களை நாம் வெட்கத்தோடு கிழித்துப்போடுகிறோம். பத்து இதழ் வந்து நின்றுபோன பத்திரிகைக்குக் காகித விலையைக் காரணம் சொல்கிறோம். காகித விலை ஃபியூஸ் மாதிரி. அது போனது உண்மை. ஏன் போனது என்பது வேறு.

ஆசிரியரிடம் ஒன்று கேட்கிறேன். இதழுக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள். எழுதுகிறவர்கள் தாங்கள் கைவிட்ட ஒன்றைப் பற்றி, அரைப் பக்கத்துக்கு மேற்போகாமல், எழுதட்டும். முதலில் எப்படி இருந்தது. யார் என்ன சொன்னதால், அல்லது எது தாங்காமல்போனதால், எதை மாற்றினேன். மாற்றியதும் வேறு எது உடைந்தது. தேதி. இவ்வளவு போதும். வருத்தம் வேண்டாம், விளக்கம் வேண்டாம். முதல் இரண்டு மூன்று இதழில் அது அபத்தமாகத்தான் இருக்கும். இருபது முப்பது சேர்ந்த பிறகு யாராவது ஒருவர் உட்கார்ந்து பின்னோக்கிப் புரட்டினால், நாம் எல்லோரும் தனித்தனியாகத் துரதிருஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தவற்றில் எத்தனை ஒரே பாகம் என்று தெரியவரும்.